காரைக்குடியிலிருந்து ஸ்வால்பார்டுக்கு: ஆர்க்டிக் கயாக் பயணத்துக்கு ஊரிலேயே தயாராவது எப்படி?

நார்வேயின் வடகோடித் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் ஃபியோர்டுகளில் (மலைகளுக்கிடையே நீளும் குறுகிய கடற்பகுதிகளில்) ஆகஸ்டிலும் தண்ணீர் 5 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பனியாறு (கிளேசியர்) கடலைத் தொடும் முகப்பில் 0-வை நெருங்கும். கயாக் எனும் ஒடுங்கிய துடுப்புப் படகு கவிழ்ந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் இழுக்கும். அடுத்த 10 நிமிடம் வரைதான் விரல்கள் சொன்னபடி கேட்கும். சுமார் 1 மணி நேரத்தில் நினைவு தப்பிவிடும். அந்த 10 நிமிடத்துக்குத்தான் இங்கே பழக வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் நிறைந்த கண்மாயில் ஊராரைக் கேட்டுக்கொண்டு துடுப்புப் போடுங்கள். குடிநீர் ஊருணியில் இறங்கவே வேண்டாம். மாசி, பங்குனியில் கடல் அடங்கியதும் தொண்டிக்குப் போங்கள். கவிழ்ந்த கயாக்கை இடுப்பு வெட்டால் (இடுப்பைச் சட்டென ஒரு பக்கம் வெட்டி இழுத்து) நிமிர்த்துவதும், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு திரும்ப ஏறுவதும் தூக்கத்திலும் வர வேண்டும்.

ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் வருவதெல்லாம் அங்கே வராது. மீனுக்குப் போடும் ஐஸை 6 கிலோ வாங்கி 20 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். ஏறக்குறைய 5 டிகிரிக்கு இறங்கும். நியோப்ரீன் (குளிர் தாங்கும் ரப்பர்) கையுறையோடு கையை 5 நிமிடம் அதில் வைத்துவிட்டு, ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் (தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி இருக்கைத் துளையை மூடும் உறையின்) முன் வளையத்தைப் பிடித்து இழுத்துக் கழற்றுங்கள், ஹேட்ச் (சாமான் அறை) மூடியைத் திறங்கள், வி.எச்.எஃப். ரேடியோவில் அவசர அழைப்புக்கான சேனல் 16-க்கு மாற்றுங்கள். எது முடியவில்லையோ அதற்குப் பெரிய முடிச்சோ வாரோ கட்டுங்கள். வளையம் ஸ்கர்ட்டுக்குள் மடிந்து போவதுதான் மிக ஆபத்தான பிசகு. கிளம்பும்போதெல்லாம் தொட்டுப் பாருங்கள். இதய நோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஐஸ் பயிற்சியில் இறங்க வேண்டாம்.

தண்ணீர் புகாத முழு உடையான ட்ரை சூட்டின் கழுத்து, மணிக்கட்டுப் பட்டைகள் பெரும்பாலும் லேடெக்ஸ் ரப்பர். எண்ணெய் பட்டால் நைந்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு போடாதீர்கள். சங்கிலி, மோதிரம், நீண்ட நகம் கிழித்துவிடும். நம் வெயிலில் காரில் விட்டுவைத்தாலும் கெடும். டால்கம் பவுடர் தூவி உள்ளறையில் மடித்து வையுங்கள். போட்டதும் குந்தி உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை விலக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். இல்லையென்றால் தண்ணீரில் கால் மேலே தூக்கும். உள்ளே மெரினோ கம்பளி உடுப்பு மட்டும், பருத்தி ஒரு நூல்கூடக் கூடாது.

சாப்பாட்டுக்கு நாளைக்கு 4,000 கலோரிக்கு மேல் வேண்டும். மாவுருண்டை நல்ல யோசனையாகத் தோன்றும், ஆனால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர நார்வே அனுமதிப்பதில்லை. நெய்யும் அதில் சேரும். அதனால் எள்ளுருண்டை, கடலை மிட்டாய், நல்லெண்ணெயில் காய்ச்சிய புளிக்காய்ச்சல் கொண்டுபோங்கள். ஒரே வாயில் போகும் அளவுக்குப் பிடியுங்கள், குளிரில் கடிக்க முடியாது. தேன்குழல் ஹேட்ச்சுக்குள் நொறுங்கித் தூளாகும். வெண்ணெயை ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யர்பைனில் வாங்கலாம்.

ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை, ஆனால் ஆஸ்லோ வழியாகப் போய்த் திரும்ப, குறைந்தது இரு நுழைவு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) வேண்டும். சாட்டிலைட் போனை இங்கிருந்து எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். அங்கே வாடகைக்கு எடுங்கள். லாங்யர்பைன் வட்டாரத்தைத் தாண்டினால் ஆளுநர் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மீட்புக் காப்பீடும் எடுக்க வேண்டும். பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் விலகியிருப்பது சட்டம்.

மிதக்கும் பனிப்பாறையின் உயரம், நீளம் இரண்டில் எது அதிகமோ அதைப்போல இரு மடங்கு தள்ளியே துடுப்புப் போடுங்கள். உருகி எடை மாறியதும் முன்னறிவிப்பின்றிப் புரளும். பனியாறு உடைந்து விழும் அலை எதிர்க்கரை வரை வரும், எனவே சாப்பிட இறங்கினாலும் கயாக்கை மேலே இழுத்துக் கட்டுங்கள்.