வலை கட்டியும் பழத்தில் புழுவா? எங்கே தவறுகிறோம்

வலைப்பை கட்டிய கொய்யாவை அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது. பை கிழியவில்லை, கட்டும் அவிழவில்லை. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றுதான்: பை கட்டும் முன்பே பழ ஈ முட்டை வைத்துவிட்டது, அல்லது பழத்தில் ஒட்டிக் கிடந்த வலையின் வழியாகவே வைத்தது.

காய் நிறம் மாறி மணம் வந்த பிறகுதான் பலர் வலையைத் தேடுகிறார்கள். பழ ஈ அதுவரை காத்திருப்பதில்லை. முற்றத் தொடங்கிய காயின் தோலையே ஊசி போன்ற உறுப்பால் துளைத்து உள்ளே முட்டை வைத்துவிடும். கொய்யாவை எலுமிச்சை அளவில் மூடிவிடுங்கள். மாங்காயில் பிஞ்சு உதிர்வது அடங்கி, கோழிமுட்டை அளவு வந்ததும் மூடலாம். மாதுளைக்கு அவ்வளவு நாள் தாங்காது. காய்துளைப்பான் பட்டாம்பூச்சி பிஞ்சிலேயே முட்டை வைக்கும் என்பதால், பிஞ்சு பிடித்ததுமே கட்ட வேண்டும்.

கட்டும் முன் காயைச் சுற்றிப் பாருங்கள். குண்டூசி முனையளவு கரும்புள்ளி, அதைச் சுற்றி அமுங்கும் தோல், கசியும் சாறு இருந்தால் அந்தக் காயைப் பறித்துவிடுங்கள். காம்படியில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பியிருந்தால் துடைத்துவிட்டு, ஈரம் காய்ந்த பிறகே பையை மாட்டுங்கள். பைக்குள் அகப்பட்ட மாவுப்பூச்சி எறும்பையும் வரவழைக்கும்.

பையின் அளவில்தான் அதிகம் ஏமாறுகிறோம். தட்டையாக வைத்தால் 15 செ.மீ. அகலமுள்ள பை, விரிந்தால் சுமார் 9.5 செ.மீ. விட்டம்தான் தரும். பழம் 8 செ.மீ. பருத்தால் பக்கத்துக்கு ஒரு செ.மீ. கூட மிஞ்சாது. அதே பழத்துக்கு 20 செ.மீ. அகலப் பை சுமார் 12.7 செ.மீ. விட்டம் தரும், பக்கத்துக்கு இரண்டு செ.மீ.க்கு மேல் இடைவெளி கிடைக்கும். ஆனாலும் மழையில் நனைந்த வலை பழத்தின் மேல் படிந்துவிடும். மெல்லிய கம்பியை வளையமாக வளைத்து, முனையில் நாடா சுற்றி, பைக்குள் வைத்துவிட்டால் வலை விலகியே நிற்கும். சின்ன வேலைதான், ஆனால் பலன் பெரிது.

வலைக்கண் 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் பழ ஈயைத் தடுக்க அதை நம்ப முடியாது. பறவை வலையைக் கட்டிவிட்டு ஈ வராது என்று இருந்துவிடாதீர்கள். வலைக்குப் பதில் பாலித்தீன் பை வேண்டவே வேண்டாம். உள்ளே வியர்த்து, வெப்பம் தங்கி, பழம் அழுகும்.

பையின் சுருக்குக் கயிற்றைப் பழக்காம்பில் இறுக்காதீர்கள். காற்றில் பை ஆடும்போது அந்த இழுப்பெல்லாம் காம்புக்கே போய் காய் உதிரும். காம்பு பிறக்கும் சிறுகிளையைப் பையின் வாய்க்குள் விட்டு, அங்கே கட்டுங்கள். வாய்ப்பகுதியில் இலை சிக்கினால் அந்த இடுக்கு எறும்புக்கு வழியாகிவிடும், இலையைக் கிள்ளிவிடுங்கள்.

அணிலுக்கு நைலான் வலை ஒரு தடையே அல்ல, கடித்துவிடும். அணில் தொல்லை உள்ள மரத்தில் 6 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலையை உருளையாகச் சுருட்டி, வெட்டிய முனைகளை வெளிப்பக்கம் மடித்து மாட்டலாம். ஈயும் அணிலும் சேர்ந்து வந்தால், உள்ளே துணி வலை, வெளியே கம்பி வலை.

மரம் முழுவதையும் மூடுவதானால் வலையை அப்படியே கிளைமேல் போர்த்தக் கூடாது. தளிர் வலைக்கண்ணுக்குள் நுழைந்து வளர்ந்துவிடும், எடுக்கும்போது கிளை முறியும். பறவையும் வலைக்கு மேலேயே உட்கார்ந்து கொத்தும். குழாயை வளைத்துச் சட்டம் அமைத்து, வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்து கிடக்கும் அகலக்கண் வலையில் வௌவாலும் பறவையும் சிக்கி, விடுபடத் துடித்து இறகும் தோலும் கிழிந்து சாகின்றன. தரையில் புரளும் விளிம்பில் பாம்பு மாட்டிக்கொள்ளும். வலைக்கண்ணில் உங்கள் சுண்டுவிரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம். இழுத்துப் பிடித்த நிலையிலும் கண் 5 மி.மீ.க்குள் இருக்கட்டும். கட்டிய பிறகு காலையும் மாலையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பூக்கும் பருவத்தில் மூடினால் தேனீ வராது. காய் பிடித்த பிறகே மூடுங்கள்.

பைக்கு வெளியே உதிர்ந்து கிடக்கும் பழங்களை அன்றன்றே பொறுக்குங்கள். அவற்றிலுள்ள புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வெளிவரும். உரக்குழியில் அப்படியே போடாமல், கெட்டியான கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, ஒரு வாரம் நல்ல வெயிலில் வையுங்கள்.