மதியம் வரை பசி தாங்க: கஞ்சியோடு எவ்வளவு பயறு, எப்படி?

காலையில் வெறும் கஞ்சி குடித்தால் பத்தரை மணிக்கே பசி எடுக்கும். கூடவே ஒரு கிண்ணம் சிறுபயறு துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) இருந்தால் மதியம் வரை தாங்கும். பயற்றின் புரதத்துக்கும் இதில் பங்கு உண்டு; ஆனால் பலரும் கவனிக்காமல் விடுவது நார்ச்சத்தை.

நார் முதலில் இரைப்பையில் தண்ணீரை இழுத்து ஊதும், உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். சில மணி நேரம் கழித்து, செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றும். இவை குடல் சுவரிலுள்ள செல்களைத் தூண்டி ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஹார்மோன்களைச் சுரக்க வைக்கும். 'போதும்' என்ற சேதி மூளைக்குப் போகும். இந்த இரண்டாவது வேலை மெதுவாக நடப்பது, அளவிலும் சிறியது. ஒரே நாளில் பலன் தேடாதீர்கள். எல்லா நாரும் இப்படி நொதிக்காது: மலச்சிக்கலுக்குக் குடிக்கும் இசப்கோல் உமி அதிகம் நொதிக்காது, கூழாகி வயிற்றை நிரப்புவதோடு சரி.

ஒருவருக்கு 40 கிராம் சிவப்பரிசி, 50 கிராம் முழுச் சிறுபயறு, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல். இதில் ஏறத்தாழ 12 கிராம் நார் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்குக் குறைந்தது 25 கிராம். பயறை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கு அதோடு போய்விடும். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், ஆனால் தோல் பிரிந்து குழையக் கூடாது. கடையவும் வேண்டாம்: பயறு முழுசாக இருந்தால்தான் உள்ளேயிருக்கும் மாவுச்சத்தில் கொஞ்சமாவது செரிக்காமல் பெருங்குடல் வரை போகும்.

கஞ்சியோடு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) சாப்பிடுவதென்றால், அதில் நார் குறைவு. வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டி, கிழங்கை ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்தில் சிறு பங்கு செரிக்காத வகையாக மாறும். மறுநாள் சூடாக்கினாலும் அதில் பெரும்பகுதி நிற்கும்.

பலர் பயற்றைப் பாதியில் விடுவது வயிறு உப்புவதால்தான். பழகாத குடலுக்கு ஒரேயடியாக 50 கிராம் பயறு கொடுத்தால் பாக்டீரியாக்கள் வேகமாக நொதிக்கவைத்து வாயுவை நிறைத்துவிடும். முதல் வாரம் 15 கிராம், அடுத்த வாரம் 30, அதற்குப் பிறகு 50. தண்ணீரையும் கூட்டுங்கள், இல்லையென்றால் மலம் இறுகும். உப்பல் குறையவில்லை என்றால் முந்தைய அளவுக்கே திரும்பி இன்னொரு வாரம் இருங்கள். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களும், சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் கஞ்சியின் அளவை மாற்றும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.