பசியடக்கும் குளிசையா, பாத யாத்திரையா?

பக்கத்து வீட்டு மச்சாள் பசியடக்கும் குளிசை ஒரு போத்தல் முடிக்கும்போது மூன்றரைக் கிலோ குறைந்திருந்தா. களுவாஞ்சிகுடியில் எங்கட ஒழுங்கையிலேயே நாலு பேர் அதே போத்தலை வாங்கிவிட்டார்கள். ஒருவரும் கவனிக்காத ஒரு விசயம், அந்த மாதம்தான் அவ கதிர்காமத்துக்கு நடந்து போனவ. உகந்தைக்குப் பிறகு காட்டுவழி, நாள் கணக்கில் வெயில், மரக்கறிச் சோறு. இதில் குளிசைக்கு எவ்வளவு, காலுக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

எல்லாரும் விடுகிற பிழை இதுதான். குளிசை தொடங்குகிற அன்றே தேத்தண்ணிக்குச் சீனியை நிற்பாட்டுவோம், இரவுப் பிட்டைப் பாதியாக்குவோம், கல்லடிப் பாலத்தில் நடக்கப் போவோம். பேர் மட்டும் குளிசைக்கு. சாப்பாட்டையும் நடையையும் முதலில் மாற்றி, நிறையை நாலு கிழமை எழுதி வைத்தால்தான், பிறகு போடுகிற குளிசை அதற்கு மேல் ஏதாவது செய்ததா என்று கேட்கவாவது முடியும்.

1998இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து, நிறை குறைக்கும் குளிசை ஒன்றைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. சோதித்த பொருள் நமக்குப் புதிதில்லை: மீன் குழம்புக்குப் போடுகிற கொறுக்காய்ப் புளியின் இனத்துப் பழத்தில் இருந்து எடுத்த ஹைட்ரொக்சிசிட்ரிக் அமிலம். எல்லாருக்கும் ஒரே அளவுச் சாப்பாடு, 12 கிழமை. மருந்துக் குளிசை போட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை போட்டவர்கள் 4.1 கிலோ. இந்த வித்தியாசம் கணக்கில் எடுக்கும் அளவானதில்லை. மருந்தால் பலன் இல்லை என்பதுதான் முடிவு. ஆனால் அந்த 3.2 கிலோக்காரரைக் கேட்டுப் பாருங்கள், குளிசை நல்ல வேலை செய்தது என்று சத்தியம் பண்ணுவார். பொய்யும் சொல்லமாட்டார். அதனால்தான் ‘எனக்குச் சரிவந்தது’ என்கிற வட்ஸ்அப் பேச்சை நான் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் கிழமைத் தராசையும் நம்ப வேண்டாம். சோற்றைக் குறைத்தால் உடம்பில் சேமித்திருந்த கிளைக்கோஜன் என்ற மாச்சத்து கரையும். அது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணியையும் பிடித்து வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்து போகும்போது கொழுப்புக் கரைந்த மாதிரித் தெரியும். வயிற்றால் போக வைக்கிற குளிசைகள் காட்டும் வித்தையும் தண்ணிதான். காலையில் கக்கூசுக்குப் போய்விட்டு, ஒன்றும் சாப்பிடாமல், ஒரே தராசில் நிறுங்கள். பெண்கள் மாதவிலக்கு நாட்களை அதே மாதிரி நாட்களோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொரு பிழை, நிறையைப் பார்த்துப் பசியைத் தீர்மானிப்பது. குளிசை பசியைத்தானே அடக்குவதாகச் சொல்கிறது? அப்போ பசியைக் குறியுங்கள்: எத்தனை அகப்பை சோறு, பின்னேரம் எத்தனை மணிக்கு வயிறு கேட்டது. குமட்டலால் சாப்பாடு இறங்காததைப் பசி அடங்கியதாக எண்ண வேண்டாம். குளுக்கோமன்னன் போன்ற நார்ச்சத்துக் குளிசை தண்ணியை உறிஞ்சி வயிற்றில் ஊதி நிரப்பும். அதைத் தண்ணி குறைவாகக் குடித்து விழுங்கினால் தொண்டையிலேயே ஊதி அடைத்துவிடும்.

‘மூலிகை’ என்று விற்கிற குளிசையில் பசி உண்மையிலேயே சட்டென்று செத்துப்போனால், எனக்கு அப்போதுதான் பயம். சிபுட்ரமின் என்ற பசியடக்கி, மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையை விட்டு எடுக்கப்பட்டது. பிறகும் பல நாடுகளில் மூலிகைக் குளிசைகளுக்குள் அது ஒளித்துக் கலந்திருந்து பிடிபட்டிருக்கிறது. வாய் காய்தல், நித்திரை இல்லாமை, நெஞ்சு படபடப்பு, பிரஷர் ஏறுதல் எல்லாம் அதன் அடையாளங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சீனி மயக்கம் போடுமளவுக்கு இறங்கலாம். இதில் ஏதாவது வந்தால் குளிசையை நிற்பாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது போத்தலையும் மிச்சக் குளிசைகளையும் கையோடு கொண்டு போங்கள், பேரை மட்டும் சொன்னால் டொக்டருக்கு ஒன்றும் விளங்காது.