பழைய செமி ஆட்டோமேடிக் வாஷிங் மெஷினை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

வீடு காலி செய்பவர்களிடமும் பழைய சாமான் கடையிலும் சல்லிசாகக் கிடைப்பது, இரண்டு டப் வைத்த செமி ஆட்டோமேடிக் மெஷின். முதன்முதலாக ரிப்பேர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மெஷின் கிடையாது. உள்ளே போர்டு இல்லை, சென்சார் இல்லை. துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார், சாவி கொடுத்த மாதிரி ஓடும் டைமர்கள், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர், ஒரு பெல்ட். ஓடவில்லை என்றதும் "மோட்டார் எரிஞ்சு போச்சு" என்பார்கள். நம்பாதீர்கள். மோட்டாரைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வாங்கும் முன்

மெஷினைச் சாய்த்து அடிப்பக்கம் பாருங்கள். தகர பாடியாக இருந்து, மோட்டார் உட்காரும் இடம் துருப்பிடித்து உதிர்ந்தால் வாங்க வேண்டாம். மற்ற எதையும் மாற்றலாம், அதை மாற்ற முடியாது.

படி 1: திறப்பது

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் பின்பக்க மூடியைக் கழற்றி, எதையும் தொடுவதற்கு முன் ஒயர்களை போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். மூலையில் கிடந்த மெஷின் என்றால் அநேகமாக இருக்கும்.

படி 2: துவைக்கும் பக்கம்

டைமரைத் திருப்பினால் 'உர்ர்' என்று சத்தம் மட்டும் வருகிறது, அடியில் இருக்கும் விசிறி (பல்சேட்டர்) சுற்றவில்லையா? உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டைக் கழற்றுங்கள். மோட்டார் கப்பியைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் பேரிங் நன்றாக இருக்கிறது. பல்சேட்டர் மட்டும் இறுகியிருந்தால், நடுவில் உள்ள ஸ்க்ரூவைக் கழற்றித் தூக்குங்கள். அடியில் சில்லறைக் காசு, ஹேர்பின், நூல் சிக்கல் எல்லாம் கிடக்கும். இரண்டுமே லேசாகச் சுற்றினால் சந்தேகம் கெபாசிட்டர் மேல்.

கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கலாம். பழைய குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, அதன் இரண்டு ஒயர்களை கெபாசிட்டர் முனைகளில் வையுங்கள். தேக்கம் அதில் வடிந்துவிடும். மூன்று ஒயர் இருந்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் இதையே செய்யுங்கள். பிறகு ஒயரைப் பிரித்து, மல்டிமீட்டரில் மைக்ரோ ஃபாரட் (கெபாசிட்டரின் கொள்திறன்) அளவு பாருங்கள். உடம்பு உப்பியிருந்தாலோ, அச்சிட்ட அளவைவிட நன்றாகக் குறைந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

மூன்று ஒயர் வைத்த ஒரே டப்பாவுக்குள் பெரும்பாலும் இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து இரண்டு கெபாசிட்டர் இருக்கும். '10+5' என்பது போல அச்சிட்டிருப்பார்கள். பெரிய எண் துவைக்கும் மோட்டாருக்கு, சின்னது பிழியும் மோட்டாருக்கு. ஒயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து இணையுங்கள். மாற்றிக் கொடுத்தால் மோட்டார் சூடேறும். பழைய டப்பாவைக் கையோடு எடுத்துப் போய், அதே அளவு, அதே வோல்டேஜ் கேட்டு வாங்குங்கள். "கண்டன்சர்" என்று கேட்டாலும் கடைக்காரருக்குப் புரியும்.

மோட்டார் ஓடியும் பல்சேட்டர் சோம்பலாகச் சுற்றினால் பெல்ட் தளர்ந்திருக்கும். மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி, மோட்டாரைக் கொஞ்சம் தள்ளி இறுக்கினாலே போதும். வெடித்த பெல்ட் என்றால் அதன் மேலுள்ள எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

படி 3: பிழியும் பக்கம்

பிளக் இல்லாமலே இதைச் சோதிக்கலாம். மூடியைச் சாத்தினால் பிரேக் விலகி, கீழே மோட்டாரையும் கூடையையும் இணைக்கும் கப்ளிங்கைக் கையால் சுற்றும்போது தடையின்றிச் சுற்ற வேண்டும். மூடியைத் திறந்தால் பிரேக் பிடிக்க வேண்டும். மூடிய பிறகும் உரசினால் பிரேக் கம்பி நீண்டுவிட்டது என்று அர்த்தம். கொக்கியைக் கொஞ்சம் இழுத்து மாட்டுங்கள். இதைக் கவனிக்காமல் ஓட்டினால் கருகல் வாசனை வரும், மோட்டார் உண்மையிலேயே போய்விடும். பிரேக் சரி, ஆனால் ஓட்டும்போது சத்தமே இல்லை என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடிக்கு அடியில் இருக்கும் சுவிட்சைப் பாருங்கள். அதன் முனைகள் கறுத்துப் போயிருக்கும். உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

பிழியும் மோட்டார் மேல் வெள்ளையாக உப்புக் கோடு தெரிந்தால், மேலே இருக்கும் ரப்பர் சீல் கிழிந்து தண்ணீர் சொட்டுகிறது. சீலை மாற்றாமல் மோட்டாரை மாற்றுவது வீண் செலவு.

படி 4: டப்பில் தண்ணீர் தங்கவில்லை என்றால்

தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் வால்வின் மூடியைத் திருகி எடுத்தால் ஸ்பிரிங்கும் ரப்பரும் வரும். ரப்பரில் ஒட்டியிருக்கும் குப்பையைக் கழுவி மாட்டுங்கள்.

படி 5: ஓட்டிப் பார்ப்பது

மூடியை மாட்டி, எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள். டெஸ்டரை பாடியில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். துணியில்லாமல் தண்ணீர் மட்டும் ஊற்றி முழு டைமரும் ஓடட்டும். அப்புறம் ஒரு ஈரத் துண்டைச் சுற்றிலும் சமமாகப் பரப்பிப் பிழியுங்கள். அப்போதும் கூடை டப் டப் என்று மோதினால், பிழியும் மோட்டாரைத் தாங்கும் ஸ்பிரிங்குகளில் ஒன்று உடைந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றிவிடுங்கள்.