தாமரைக்குப் பதில் பனையோலை: முதலாண்டுக் கட்டடக்கலை வகுப்புக்கு ஒரு பயிற்சி

“இயற்கையைப் பார்த்து ஒரு கட்டடம் வரைந்து வாருங்கள்” என்று முதலாண்டு மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் தாமரை வரைவார்கள், மீதிப் பேர் சங்கு. நானும் அப்படிக் கேட்டு ஏமாந்தவன்தான். இப்போதெல்லாம் “இது என்ன வேலை செய்கிறது?” என்பதோடு வகுப்பைத் தொடங்குகிறேன்.

இதற்கு உதாரணமாக, ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 1996இல் கட்டி முடித்த ஈஸ்ட்கேட் கட்டடத்தை, அதன் காற்றோட்டத்துக்கு முன்மாதிரியான கரையான் புற்றோடு சேர்த்துக் காட்டுவது வழக்கம். காரைக்குடிப் பக்கம் புற்றென்றால் மஞ்சள் பூசிப் பால் ஊற்றும் இடம். வெட்டிப் பார்க்கலாமா என்று கேட்க முடியுமா? பனைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

படி 1. மட்டையோடு ஒரு பச்சை ஓலையை மாணவர் கையில் கொடுங்கள். மட்டையை ஒட்டிய பாதி மடிப்பு மடிப்பாக விறைத்து நிற்கும். நுனிப் பாதி பிரிந்து தொங்கும். ஏன்? பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

படி 2. சம உயரத்தில் இரண்டு புத்தக அடுக்கு, நடுவே 20 செ.மீ. இடைவெளி. மேலே ஓர் ஏ4 தாளை நீளவாக்கில் வைத்து, நடுவில் ஐந்து ரூபாய்க் காசை வையுங்கள். தாள் தொப்பென்று தொய்ந்துவிடும்.

படி 3. இன்னொரு தாளைக் கைவிசிறிபோல் ஒன்றரை செ.மீ. மடிப்புகளாக, நீளவாக்கில் மடித்து வையுங்கள். இப்போது செல்போனையே தாங்கும். தாளின் கனம் மாறவில்லை, மடிப்பினால் அதற்கு உயரம் வந்துவிட்டது. யாராவது குறுக்குவாக்கில் மடித்தால் தடுக்காதீர்கள். அது நடுவில் தொங்கும்போது கிடைக்கும் பாடம் கரும்பலகையில் கிடைக்காது.

பாரம் கூடக் கூட மடிப்புகள் பக்கவாட்டில் விரியும். இரு முனையிலும் அடியில் ஒரு துண்டுத் தாளை ஒட்டுங்கள், விரிவது நிற்கும். சரி, ஓலையில் அந்தப் பிடிப்பு எங்கே இருக்கிறது? மறுபடி ஓலையை எடுக்கச் சொல்லுங்கள்.

படி 4. மடித்த தாளைக் கூரை மாடலாக எடுத்துக்கொண்டு, காரைக்குடிப் பக்கம் கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டுக்குப் போங்கள், அனுமதி கேட்டுக்கொண்டுதான். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றப் பகுதியை, சுற்றி ஓட்டுக்கூரை உள்நோக்கிச் சரிந்து மழைத் தண்ணீரை முற்றத்தில் இறக்கும். அந்தக் காலத்தில் கூரையடியில் அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மாணவரின் கூரையிலும் ஒவ்வொரு பள்ளமும் ஒரு வாய்க்கால்தான். தாளில் தண்ணீர் ஊற்ற முடியாது, அதனால் நான் ஒரு பிடி கேழ்வரகு கொண்டுபோவேன். மாடலைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து கொட்டினால் மணிகள் எங்கே ஓடுகின்றன, எங்கே தேங்குகின்றன என்று தெரிந்துவிடும். தேங்கிய இடத்தில் பென்சிலால் குறி போடச் சொல்லுங்கள். அப்புறம் முற்றத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.