கோல்டு ஸ்டோரேஜ் பாதுகாப்பு ஆய்வுத் தொழில்: தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீயணைப்பான் காலாவதித் தேதி, எக்ஸிட் போர்டு, ஹெல்மெட். சாதாரணத் தொழிற்சாலைக்குப் போட்டுவைத்த செக்லிஸ்ட்டோடு கோல்டு ஸ்டோரேஜுக்குள் நுழைகிறார்கள். அந்தப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்த பிறகும் ஆளைக் கொல்லக்கூடிய இடம் இது.

குளிரூட்ட உள்ளே என்ன வாயு ஓடுகிறது என்று கேட்காமலே கட்டணம் சொல்லிவிடுவது அடுத்த தவறு. அமோனியா கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். 300 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 300 பங்கு) என்பது உடனடியாக உயிருக்கு ஆபத்தான அளவு, ஆனால் அதற்கு வெகு முன்பே கண் எரியும். கார்பன் டை ஆக்சைடுக்கு மணம் கிடையாது, காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். ஆப்பிள் போன்ற பழங்களை மாதக்கணக்கில் வைக்கும் அறைகளில் ஆக்சிஜனையே 5 சதவீதத்துக்குக் கீழே இறக்கியிருப்பார்கள். அங்கே ‘சும்மா தலையை நீட்டிப் பார்ப்போம்’ என்ற பேச்சே கூடாது. மூன்றுக்கும் கருவி வேறு, பயிற்சி வேறு, ஆகும் நேரமும் வேறு.

கருவியைப் பற்றி ஒன்று. மைனஸ் 25 டிகிரியில் பேட்டரி மளமளவென்று இறங்கும், பல கேஸ் சென்சார்கள் மந்தமாகும். எந்த வெப்பநிலை வரை வேலை செய்யும் என்பதைப் பார்த்து வாங்குங்கள், ஒவ்வொரு முறையும் பம்ப் டெஸ்ட் (bump test: சென்சாரில் கொஞ்சம் வாயுவைக் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது) செய்துவிட்டே உள்ளே போங்கள். பால்பாயின்ட் பேனாவும் உறைந்துபோகும். பென்சில்தான் கைகொடுக்கும்.

என் கணக்கில் மிகப் பெரிய தவறு, பார்க்காததற்கு டிக் போடுவது. அமோனியா குழாய் மேல் இன்சுலேஷன் உறையும் அதன் மேல் பளபளவென்று தகடும் சுற்றியிருக்கும். ஓரிடத்தில் தகடு லேசாக உப்பி, இடுக்கில் பனி வழிந்திருக்கும். ஈரம் இன்சுலேஷனுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். எப்போதும் உறைநிலைக்குக் கீழேயே இருக்கும் குழாயில் துரு மெதுவாகத்தான் பிடிக்கும். டீஃப்ராஸ்டுக்காக (படிந்த பனியை உருக்குவதற்காக) சூடாகிச் சூடாகிக் குளிரும் குழாயை அது வேகமாக அரிக்கும். வெளியே நின்று பார்த்துவிட்டு ‘குழாய் நல்ல நிலை’ என்று எழுதினால் அது பொய். ‘இன்சுலேஷனைத் திறக்கவில்லை, குழாயின் மேற்பரப்பைப் பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

சரக்கு அடுக்கும் ரேக்கும் அப்படித்தான். ஃபோர்க்லிஃப்ட் இடித்த ரேக் காலைத் தூரத்திலிருந்து பார்த்து ‘சிறு சேதம்’ என்று எழுதுவார்கள். ஒரு மீட்டர் நேர்ச்சட்டத்தைக் காலோடு வைத்து இடைவெளியை அளக்க வேண்டும். ஐரோப்பிய தர விதி இஎன் 15635 படி, பீம் (கால்களை இணைக்கும் கிடைச்சட்டம்) ஓடும் திசையில் வளைந்திருந்தால் 5 மி.மீ., அதற்குக் குறுக்கே வளைந்திருந்தால் 3 மி.மீ. வரைதான் அனுமதி. கதவுக்கும் கையே வேண்டும்: வெளியே ஓர் ஆளை நிறுத்திவிட்டு, உள்ளே போய் மூடிக்கொண்டு, உள்பக்க லீவரை நீங்களே தள்ளுங்கள். பனி பிடித்து அசையாத லீவர்கள் உண்டு.

இரும்பை மட்டும் பார்ப்பதும் போதாது. 2010இல் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு குளிர்கிடங்கிலிருந்து 32,000 பவுண்டுக்கு மேல் அமோனியா வெளியேறியது. மின்தடைக்குப் பிறகு கன்ட்ரோலை ரீசெட் செய்ததில் டீஃப்ராஸ்ட் பாதியில் நின்று, சூடான வாயுவும் குளிர்ந்த திரவமும் மோதி, அந்த அதிர்ச்சியில் குழாய் பிளந்தது. மின்சாரம் போய்த் திரும்பினால் யார் என்ன பட்டனை அழுத்துகிறார்கள் என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். இரவு ஷிப்டில் இருப்பவரிடமும் கேளுங்கள்.

வருமானம் குறைவாக இருக்கும் முதல் வருடத்தில் ரிப்பேர் வேலையையும் சேர்த்து எடுக்கத் தோன்றும். குறை கண்டுபிடிப்பவரே அதைச் சரிசெய்து காசு வாங்கினால் அறிக்கையை யார் நம்புவார்கள்? ஆய்வு அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ 17020 தரமும் இந்தச் சார்பின்மையைத்தான் முதலில் கேட்கிறது. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டை (உங்கள் ஆய்வில் தவறு என்று யாராவது இழப்பீடு கேட்டால் கைகொடுப்பது) முதல் ஒப்பந்தத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

‘அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க சார், நாளைக்கே சரி பண்ணிடறோம்’ என்று போன் வரும். சரிசெய்த பிறகு நேரில் போய்ப் பார்த்து, தேதி போட்டுக் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம். முதல் வரி அங்கேயே இருக்கும்.