திருகோணமலையில் ஊர் சாப்பிடும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்

திருகோணமலை நகரில் காலை ஆறரை மணிக்குச் சாப்பாட்டுக்கடைக்குப் போனால் இடியப்பம் ஆவி பறக்க இருக்கும். ஒன்பதரைக்குப் போனால் பாணும் பருப்பும்தான் மிச்சம். கொழும்பிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து, களைப்பில் பத்து மணிவரை படுத்துவிட்டு, பசி வயிற்றைக் கிள்ளும்போது கடற்கரை விடுதியின் உணவு அட்டையைத் திறப்பவர்களுக்குத்தான் இந்த ஊரில் காசு கரைகிறது. இரண்டு பிள்ளைகளோடு மூன்று வாரம் அங்கே இருந்தோம். முதல் வாரம் நாங்களும் அப்படித்தான் செலவழித்தோம். இரண்டாம் வாரத்திலிருந்து ஊரின் மணிக்கணக்குக்கு மாறினோம். செலவு பாதிக்கும் கீழே இறங்கியது, சாப்பாடும் முன்னையதைவிட நன்றாக இருந்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் தங்குவது உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம். உப்புவெளி நகரத்திலிருந்து 5 கிலோமீற்றருக்குள் இருக்கிறது, நிலாவெளி 15 கிலோமீற்றர் அளவு. கடலைப் பார்த்தபடி இருக்கும் உணவகங்கள் உல்லாசப் பயணிகளின் கணக்கில் விலை போடுகின்றன. அங்கே ஒருவருக்கு ஆகும் பணத்தில் நகரக் கடையில் ஒரு குடும்பம் மதியச் சோறு சாப்பிட்டுவிடலாம். நிலாவெளிப் பேருந்து நாள் முழுக்க ஓடுகிறது. ஓட்டோவில் போனால் சாப்பாட்டில் மிச்சம் பிடித்த காசு வழியிலேயே போய்விடும். பேருந்தில் நகருக்கு வந்து, சந்தை, கோயில் என்று வேலைகளை முடித்து, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்குத் திரும்புவதே எங்களுக்குச் சரிவந்தது.

காலைச் சாப்பாட்டுக்கு நான் சொல்வது இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். அல்லது பிட்டு. கிழக்கில் பிட்டை மீன்குழம்போடும் தருவார்கள், தேங்காய்ப்பாலும் வாழைப்பழமும் பிசைந்தும் சாப்பிடுவார்கள். உறைப்புத் தாங்காத பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது வகை நல்ல மருந்து. சைவக்கடைகளில் தோசையும் உழுந்து வடையும் கிடைக்கும். பிள்ளைகளுக்கு என்ன வாங்குவது என்று தடுமாறினால், பருப்பையும் சொதியையும் கேளுங்கள். இரண்டிலும் உறைப்புக் குறைவு. கோழிக்கூட்டு வாழைப்பழம் ஒரு சீப்பு எப்போதும் அறையில் இருக்கட்டும்.

ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தவுடன், கேட்காமலே றோல்ஸ், வடை, பற்றிஸ் எல்லாம் ஒரு தட்டில் வந்து இறங்கும். அது முழுவதும் உங்களுக்கு என்று இல்லை. எடுத்ததை எண்ணித்தான் காசு வாங்குவார்கள். என் மகள் ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்து வைத்துவிட்டாள், எல்லாவற்றுக்கும் கொடுத்தோம். கைபட்ட பண்டத்தைத் திரும்ப வைப்பது அடுத்தவருக்கு அசுத்தம். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மதியச் சோறுதான் மலிவு விலையில் கிடைக்கும் முழுமையான சாப்பாடு. சோறு, பருப்பு, இரண்டு மூன்று மரக்கறி, ஒரு சம்பல் அல்லது சுண்டல், அப்பளம், மிளகாய்ப் பொரியல். இதற்கு மேல் மீனோ கோழியோ எடுத்தால் அதற்கு ஏற்ப விலை கூடும். ‘மரக்கறிச் சாப்பாடு’ என்று கேட்டு வாங்கி, ஒரு மீன் பொரியலைத் தனியாக எடுத்து இருவர் பகிர்வது எங்கள் வழி. கடையில் இருந்து சாப்பிட்டால் சோறும் மரக்கறியும் மறுபடி போடுவார்கள். “அண்ணை, பருப்பு இன்னும் கொஞ்சம் போடுங்கோ” என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம், அந்த விலைக்குள் அதுவும் அடங்கும். பார்சலில் மறுபடி கேட்க முடியாது, ஆனால் ஒரு பார்சலின் சோறே வளர்ந்த ஆளுக்கு மிஞ்சும். சின்னப் பிள்ளைகள் இருவருக்கு ஒன்று தாராளம். பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் போங்கள். இரண்டு மணிக்குப் பிறகு கறிகள் முடிந்து, ஆறிய சோறு மட்டும் இருக்கும்.

புறாமலைக்குப் படகில் போகிறவர்கள் குடிநீரையும் சாப்பாட்டையும் கரையிலிருந்தே கொண்டுபோக வேண்டும், தீவில் கடை இல்லை. சோற்றுப் பார்சலை வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவில் போட்டு வாங்குங்கள். அங்கே பவளப்பாறை இருக்கிறது, பொலித்தீன் ஒரு துண்டுகூட விழக்கூடாது. கோட்டைக்குள்ளும் அப்படித்தான். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் திரியும் புள்ளிமான்கள் சோறு ஒட்டிய பொலித்தீனைத் தின்கின்றன. அதை நேரில் பார்த்தபின் நான் சாப்பாட்டுப் பையைக் கையிலிருந்து விடுவதில்லை.

இனி மீன். இதற்காகவே திருகோணமலைக்குப் போகலாம். மே முதல் செப்டெம்பர்வரை கிழக்குக் கடல் அடங்கியிருக்கும், மீன் நிறைய வரும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றும் மழையும் வந்தால் வள்ளங்கள் கடலுக்குப் போவது குறையும், மீன் விலை ஏறும், கடற்கரைக் கடைகள் பலவும் பூட்டிவிடும். நகரக் கடைகள் அப்போதும் திறந்திருக்கும். கடல் அடங்கிய மாதங்களில் விடியற்காலையில் கடற்கரையில் நடந்து பாருங்கள். எங்காவது கரைவலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். வலை கரையேறியதும் கீரி, சாளை, சூடை, நெத்தலி என்று சிறுமீன்கள் குவியும். அங்கேயே வாங்கலாம், ஆனால் மொத்த வியாபாரி விலை பேசி முடிக்கும்வரை ஒதுங்கி நில்லுங்கள். அது அவர்களுடைய தொழில் நேரம். பிறகு “ஐயா, கறிக்குக் கொஞ்சம் தாறீங்களா?” என்று கேட்டால் மனம்கோணாமல் தருவார்கள்.

சிறுமீனைத் தாழ்வாக எண்ண வேண்டாம். வெளிநாட்டிலிருந்து போகிற நாங்கள் இறாலையும் நண்டையும் அறக்குளாவையும் தேடி ஓடுகிறோம். விலை கூடிய மீன்களே அவைதான். புளிவிட்டு வைத்த சாளைக் குழம்பும் நெத்தலிப் பொரியலும் ஊர்ச்சனத்தின் அன்றாடச் சாப்பாடு, சத்திலும் குறைவில்லை. அறை எடுக்கும்போதே சமையலறை இருக்கிறதா, அல்லது வீட்டுக்காரர் சமைத்துத் தருவாரா என்று கேளுங்கள். நாங்கள் இருந்த வீட்டு அக்கா, மீனை வாங்கிக் கொடுத்தால் தேங்காய், தூள், அவருடைய வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை வாங்கிக்கொண்டு சமைத்துத் தந்தார். அந்தத் தொகையை முதல்நாளே பேசிக்கொண்டோம். மூன்று வாரத்தில் நாங்கள் சாப்பிட்ட மிகச் சிறந்த சாப்பாடு அவர் கையால் வந்ததுதான்.

மீன் வாங்கத் தெரியாதவர்கள் மீனின் பூவை, அதாவது செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவந்து ஈரமாக இருக்க வேண்டும். கண் தெளிவாகப் பிதுங்கியிருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் குழி விழக்கூடாது. சூரை, கும்பளா போன்ற மீன்களில் கூடுதல் கவனம் வேண்டும். இவை வெயிலில் கிடந்தால் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடும். சமைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு தடித்துவிடும். பலர் இதைத் தங்களுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆகவே சூரையை ஐஸில் வைத்திருக்கும் இடத்தில், காலையிலேயே வாங்குங்கள். மத்தியானம் தட்டில் காய்ந்து கிடப்பது எவ்வளவு மலிந்தாலும் வேண்டாம்.

இரவில் ஊர் குறைவாகவே சாப்பிடுகிறது. ஆறு மணிக்குப் பிறகு கொத்துரொட்டித் தகடு அடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கும். முட்டைக் கொத்தோ மரக்கறிக் கொத்தோ மலிவு. இறைச்சி போட்டால் விலை ஏறும். ஒரு கொத்து இரண்டு பேருக்குக் காணும். அப்பக் கடைகளும் மாலையில்தான் திறக்கும். பாலப்பம் இரண்டு, முட்டையப்பம் ஒன்று, கட்டைச் சம்பல் கொஞ்சம், பிறகு ஒரு பிளேன்ரீ. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போனால் முஸ்லிம் கடைகளில் பராட்டாவும் இறைச்சிக்கறியும் நன்றாக இருக்கும். கடைக்காரரை “நானா” என்று கூப்பிடலாம். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் திறக்காது. போயா எனும் பௌர்ணமி தினத்தில் நாடு முழுவதும் இறைச்சிக்கடையும் மதுக்கடையும் மூடியிருக்கும்.

கடற்கரையில் ஒரு நாள் ஆசைக்குச் சாப்பிடத்தான் வேண்டும், தடுக்கவில்லை. அட்டையின் அடியில் சிறு எழுத்தில் உள்ளதை முதலில் வாசியுங்கள். சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதோடு வற் வரி. 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம். இரண்டும் தனியாகச் சேர்ந்தால் அட்டையில் கண்ட விலைக்கு மேல் கால்பங்குக்கும் அதிகமாகக் கூடும். நிறுத்து விற்கும் இறால், மீன் என்றால் எவ்வளவு கிராம், என்ன விலை என்று அடுப்பில் ஏறுமுன் பேசிவிடுங்கள். தண்ணீர்ப் போத்தலிலும் பொதிசெய்த பொருட்களிலும் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும், அதற்குமேல் விற்க முடியாது. முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் 1977. நான் ஒருமுறை போத்தலைத் திருப்பி விலையைக் காட்டினேன், அதுவே போதுமானதாக இருந்தது. 5 லீற்றர் போத்தலாக வாங்கிச் சிறு போத்தல்களில் நிரப்பினால் இன்னும் மலிவு.

வயிறு கெட்டால் எல்லாச் சேமிப்பும் வைத்தியச் செலவில் போய்விடும். முதல் மூன்று நாளும் சூடாக வந்ததை மட்டும் சாப்பிடுங்கள். ஐஸ் போட்ட பானம், வெட்டி வைத்த பழம் வேண்டாம். தாகத்துக்குச் செவ்விளநீர், கண்முன்னே வெட்டித் தருவார்கள், குடித்தபின் பிளந்து தரச் சொன்னால் வழுக்கையும் கிடைக்கும். வயிற்றோட்டம் வந்தால் மருந்தகத்தில் ஜீவனி என்று கேளுங்கள், உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள் அது. ஒரு பைக்கற்றை அதில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். எருமைத் தயிர் கண்டி வீதியில் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் சட்டியோடு விற்பார்கள். சீனி அல்லது கித்துள் பாணி விட்டுச் சாப்பிட்டால் ஒரு சட்டி முழுக் குடும்பத்துக்கும் காணும்.

கடைசியாக, மனதில் கிடக்கும் ஒன்று. ஊரில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே சாப்பிடுவது இலவசம் என்று கணக்குப் போடாதீர்கள். எங்கள் ஒன்றுவிட்ட அக்கா முதல்நாள் இறால், நண்டு, கோழி என்று மூன்றும் சமைத்து வைத்திருந்தார். அவ்வளவும் கடனுக்கு வாங்கியது என்று போகிற நேரத்தில் வேறு ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. வாய்க்குள் போன சோறு தொண்டையில் நின்றதுபோல் இருந்தது. காசைக் கையில் வைத்தால் அவர் வாங்கமாட்டார். அதனால் அடுத்தமுறை, முதல்நாளே கூப்பிட்டு “அக்கா, எங்களுக்கு உங்கட சொதியும் மீன்குழம்பும்தான் வேணும், வேற ஒன்றும் செய்யாதைங்கோ” என்று சொன்னேன். காலையில் அவரோடு சந்தைக்குப் போய், மீனையும் மரக்கறியையும் நானே காசு கொடுத்து வாங்கினேன். கூடவே அரிசியும் பருப்பும் ஒரு பால்மாப் பெட்டியும். வெளிநாட்டுச் சொக்லேட்டைவிட அந்த வீட்டுக்கு அதுதான் உதவியது.

திரும்பும் இரவுப் பேருந்து வழியில் நிற்கும் கடைகளில் விலையும் அதிகம், சுத்தமும் குறைவு. மாலையிலேயே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஏறுங்கள். எங்களுக்கு அந்த ஒன்றுவிட்ட அக்கா வாழையிலையை அடுப்பில் வாட்டி, பிட்டும் சம்பலும் வைத்துக் கட்டித் தந்தார். மீன்கறி வைக்கவில்லை, பேருந்துச் சூட்டில் பழுதாகிவிடும் என்றார். கந்தளாய் தாண்டியதும் பிரித்துச் சாப்பிட்டோம்.